மட்டக்களப்பு வாவியின் இரவொலி

ஊவாவின் மலைகளினின்றும் கீழ்க்கரைக்கு இறங்கும் பெருவழி பதுளையிற் றொடங்கிப் பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா ஆகிய இடங்களைக் கடந்து செங்கலடியில் மட்டக்களப்பு நாட்டை அடைகின்றது. மொனராகலையிலிருந்து செல்வோர் பிபிலையில் இவ்வழியைச் சேர்வர். முற்காலத்தில் வெல்லசையிலும் விந்தனையிலும் வாழ்ந்த மக்களுக்கு உப்பும் கருவாடும் துணியும் கீழ்க்கரையிலிருந்தே பொதிமாடுகளின் முதுகில் ஏறி வந்தன. தவளம் எனப்பட்ட அம்மாட்டு நிரைகள் மீளுங்காற் பாக்கு முதலாய மலைநாட்டுப் பொருள்களைச் சுமந்து சென்றன. 1602இல் மட்டக்களப்பிற் கரையிறங்கிய ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் கண்டி மன்னனைக் காண விந்தனை வழியாகவே மேலேறினான். 1638இல் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தரும் கூடிப் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். மலைநாட்டு வரலாற்றை எழுதுவோர் கண்டியையும் கொழும்பையும் நோக்குமளவுக்கு இக்கீழ்த்திசை வழியை நோக்குவதில்லை.

வழியால் மட்டுமன்றி நீராலும் இவ்விரு நாடுகளும் இணைந்துள்ளன. ஊவாவின் கிழக்கெல்லையை அடுத்த காடுகளிற் பெய்யும் மழையின் ஒரு பகுதி முந்தனை ஆற்றின் வழியே மட்டக்களப்பு வாவியை அடைகின்றது. அவ்வாவி வடக்கே ஏறாவூரின் அயலிலிருந்து தெற்கே கல்முனையின் அயல் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, கடலுக்குச் சமாந்தரமாகக் கிடப்பது. கோடையில் அதன் முகத்துவாரங்களை மணற்றிடர் அடைக்கும். மாரியில் வெள்ளம் பெருகி அத்திடரை உடைத்துக்கொண்டு கடலிற் பாயும். இவ்வாவியினுள்ளிருந்து கோடைகாலத்து இரவுகளில் இன்னொலி எழும் என்பதும், மழைநீர் பெருகி வாவி உவர்ப்பு நீங்கும் மாதங்களில் அவ்வொலி அடங்கும் என்பதும் அங்குள்ள வலைஞர் தலைமுறை தலைமுறையாகக் கூறி வந்தவை. அவர்கள் கூற்று மெய்யாயின், ஊவாவின் மழை கீழே இறங்கி ஓர் இசையை நிறுத்தி வைக்கின்றது என்றே கொள்ளல் வேண்டும்.

மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று இன்று யாவரும் அழைப்பர். அப்புகழ்மொழி எத்துணை இனியதாயினும், ஒலியை எழுப்புவது மீன்தான் என்பதை முடிந்த முடிபாக வைத்துக்கொண்டு புறப்படுகின்றது. அவ்வொலியை முதன்முதல் விரிவாக எழுத்திற் பதித்தவரிடம் வலைஞர் சொன்னது அதுவன்று.

அதைப் பதித்தவர் சேர் ஜேம்ஸ் எமேர்சன் தெனன்ற் என்பவர். பெல்பாஸ்ற் நகரில் 1804இற் பிறந்த இவர் 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றச் செயலாளராக இருந்தார். இவர் மட்டக்களப்பிற்குச் சென்று வாவியின் ஒலியைப் பற்றி உசாவியது 1848 செப்டெம்பர் மாதத்திலாகும். அக்காலத்தை மாணவர் நினைவிற் கொள்வது நன்று. மாத்தளையிலும் குருநாகலிலும் யூலை இறுதியில் எழுந்த கிளர்ச்சி வன்மையாக ஒடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. கண்டிப் பகுதிகளில் இராணுவச் சட்டம் நடந்தது. கிளர்ச்சித் தலைவன் கொங்காலேகொட பண்டா பிடிபட்டதும் அதே செப்டெம்பரில்தான். புதிய வரிகளுக்கு ஏதுவான நிதிக்கொள்கையை வகுத்ததிற் பெரும்பங்குடைய ஓர் அதிகாரி, நாடு இவ்வாறு கொதித்திருந்த வேளையில், கீழ்க்கரையில் நிலவொளியில் வள்ளமேறி நீரின் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது வரலாற்றின் விநோதங்களில் ஒன்று. தேசாதிபதி தொரிங்ரனோடு இவரும் 1850இல் இலங்கையை விட்டு நீங்க நேர்ந்தது. ஆயினும் 1859இல் வெளிவந்த இவரது இலங்கை வரலாற்று நூலும், 1861இல் வெளிவந்த இயற்கை வரலாற்று நூலும் இன்றும் எடுத்துப் பார்க்கப்படுகின்றன. ஆட்சியாளனாகத் தவறியவர் கேட்பவனாகத் தவறவில்லை.

தெனன்ற் முதலில் ஊராரை உசாவினார். கோட்டைக்கு எதிரேயுள்ள தோணித்துறைக்கு மேலும் கீழும் பல இடங்களில் ஒலி கேட்கும் என்றும், இறங்குதுறைக்கும் நீரோட்டத்தை ஊடறுத்துக் கிடக்கும் ஒரு பாறைக்கும் இடைப்பட்ட நீரில் அது நன்கு கேட்கும் என்றும், முழுமதியை அண்டிய இரவுகளே சிறந்தவை என்றும் அறிந்தார். பின்னர் வலைஞர் சிலரை அழைப்பித்தார். அவர்கள் வியப்பெதனையும் காட்டவில்லை. தங்கள் தந்தையர் காலத்திலிருந்தே அறிந்த செய்தி என்றனர். கோடையில் மட்டுமே கேட்கும், மழை வெள்ளம் வந்தால் நின்றுவிடும் என்றனர். ஒலிப்பது மீனன்று, ஊரி என்றனர். இடம், இரவு, பருவம், காரணம் ஆகிய நான்கையும் வரையறுத்துக் கூறிய சான்று இது. வெறுங் கதை கூறுவோர் இங்ஙனம் வரம்பிட்டுக் கூறார். கதை எந்நாளிலும் எவ்விடத்திலும் நிகழும். கண்டும் கேட்டும் அறிந்தவனுக்கே நிகழாத காலமும் தெரியும்.

தெனன்ற் அவ்வூரிகளைக் கொணருமாறு அவர்களை அனுப்பினார். உயிரோடு கொணரப்பட்டவை பெரும்பாலும் லிற்றோரினா, செரித்தியம் என்னும் இனங்களைச் சேர்ந்த சிறு ஊரிகள். அன்று மாலை நிலவெழுந்த பின் அவ்வலைஞரோடு வள்ளமேறினார். கோட்டை வாயிலை அடுத்த துறையிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ இருநூறு யார் தூரம் துடுப்பு வலித்துச் சென்றனர். காற்று அறவே இல்லை. துடுப்பு விழும் இடத்தில் எழுந்த சிற்றலையன்றி வேறு அலையும் இல்லை. குறித்த இடத்தை அடைந்ததும் ஒலி தெளிவாகக் கேட்டது. நனைந்த விரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்குங்கால் எழும் மெல்லிய அதிர்வுக்கு அதனை அவர் ஒப்பிடுகின்றார். நெடிதாய் ஒலிக்கும் ஒரே சுரமன்று. தனித்தனியே பிரித்தறியத்தக்க எண்ணிறந்த சிற்றொலிகள், மிக உயர்ந்தனவும் மிகத் தாழ்ந்தனவும் விரவி வந்தன. வள்ளத்தின் மரத்திற் காதை ஒற்றியபோது ஒலி பன்மடங்கு பெருகிற்று.

இவ்விறுதிச் செய்தி குறிப்பிடத்தக்கது. நீரினுள் எழும் ஒலி நீர்ப்பரப்பை அடைந்ததும் அதன் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி மீண்டும் நீருக்கே தெறித்து விடும். ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே காற்றிற் புகும். மரம் அவ்வாறன்று. நீரிற் றோய்ந்த மரம் அவ்வதிர்வை ஏற்றுக் காதுக்குக் கடத்தும். துடுப்பின் ஒரு முனையை நீரில் இட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கும் வழக்கம் மட்டக்களப்பில் உண்டு. பௌதிக நூலைத் திறந்தறியாத வலைஞன் தன் கையிலிருந்த கருவியையே ஒலிபெருக்கியாக்கிக் கொண்டான்.

வள்ளம் நகர நகர ஒலி கூடியும் குறைந்தும் வந்தது. சிலவிடங்களில் அறவே நின்றது. முன்னைய இடத்திற்கு மீண்டபோது மீண்டும் எழுந்தது. எனவே ஒலிப்பன ஓரிடத்தில் நிலைத்திருப்பன என்றும், அது மீனுக்குப் பொருந்தாது ஊரிக்கே பொருந்தும் என்றும் தெனன்ற் முடிவு செய்தார். கரையிலுள்ள பூச்சிகளின் ஒலி நீரின்மேல் மிதந்து வருகின்றதோ என்ற ஐயத்தையும் அவர் எழுப்பி நீக்கினார். கோட்டையும் வீடுகளும் கரையொலியை மறைக்கும் இடங்களிலேயே ஒலி மிகுந்திருந்ததாம். எடின்பரோவில் ரொபேர்ட் கிராண்ட் என்னும் விலங்கியலறிஞர் கண்ணாடிச் சாடியில் இட்ட ஓடில்லாக் கடல் நத்தைகள், இரும்புக் கம்பி சாடியின் பக்கத்திற் றட்டுவது போன்ற ஒலியை எழுப்பக் கேட்டிருந்தார். அதனையும் தெனன்ற் துணையாகக் காட்டுகின்றார்.

ஈண்டுத் தமிழ் மாணவர் கருதவேண்டிய ஒன்றுண்டு. வலைஞர் அவ்வூரிக்குத் தமிழில் வழங்கிய பெயர் என்று தெனன்ற் ஆங்கில எழுத்திற் பதித்தது, ‘ஊரி கூலீரூ கிராடூ’ என்று ஒலிக்கத்தக்கதாக உள்ளது. அழும் ஊரி என்பது அவர் தரும் பொருள். அது பெயரன்று என்பது தமிழறிந்தார் எவர்க்கும் உடனே புலனாகும். ‘ஊரி குளிறுகிறது’ என்னும் முழு வாக்கியம் அது. குளிறுதல் என்பது ஒலித்தல் எனப் பொருள்படும் பழஞ்சொல். ‘குழறுகிறது’ என்று கொள்ளினும் வாக்கியம் வாக்கியமே. நடந்தது என்னவென்று எண்ணிப் பார்த்தல் எளிது. நீரினுள் இருப்பது யாது என்று அதிகாரி வினவ, ஊரி குளிறுகிறது என்று வலைஞர் விடை கூறினர். விடை பெயராக எழுதப்பட்டது. சான்றுரை, பொருட்காட்சிச்சாலைப் பெட்டியில் ஒட்டும் சீட்டாக மாறியது. இது சிறு பிழைதான். எனினும் பிறமொழியாளர் எழுதிய குறிப்புக்களிலிருந்து நம் வரலாற்றை எடுப்போர் எத்தகைய விழிப்போடு இருத்தல் வேண்டுமென்பதற்கு இதனிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. கொணர்ந்த ஊரிகளின் இலத்தீன் பெயர்கள் அந்நூலில் உள. வள்ளம் வலித்தவர்களின் பெயர் ஒன்றேனும் இல்லை.

இரவில் வள்ளமேறி நீரின் அற்புதத்தை நாடிச் செல்லுதல் பிறநாடுகளிலும் உண்டு. ஆங்கு நாடப்படுவது பெரும்பாலும் ஒலியன்று, ஒளி. போட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வியேக்கஸ் தீவில் மொஸ்கிற்றோ குடா என்றொரு சிறு குடாவுண்டு. ஒடுங்கிய வாயும் கண்டற் காடுகளும் உடைய அதன் நீரில் பைரோடினியம் என்னும் ஓரணு உயிர் செறிந்து வாழ்கின்றது. துடுப்பு நீரைத் தொடுந்தோறும் அவை நீல ஒளியை வீசும். கயாக் எனப்படும் ஒடுங்கிய தோணிகளில் மக்கள் இரவிற் சென்று அதனைக் காண்கின்றனர். மட்டக்களப்பில் முழுமதி நாள் சிறந்ததாயின், ஆங்கு மதியில்லா நாளே சிறந்தது. 2017 செப்டெம்பரில் வீசிய மரியா என்னும் பெரும்புயலின் பின் அக்குடா சில மாதங்கள் இருண்டு கிடந்து மீண்டும் ஒளி பெற்றது. பெருமழையால் நீரின் தன்மை மாறின் ஒளியும் மாறும் என்பது, வெள்ளம் வந்தால் ஒலி நிற்கும் என்ற மட்டக்களப்பு வலைஞர் கூற்றை நினைவூட்டுகின்றது.

கடலொளியின் காரணத்தை அறிஞர் கண்ட வரலாறும் நம் பொருளுக்கு உதவுவதே. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின் முதலில் அதனை மின்னென்று கருதினார். உப்பும் நீரும் உராய்தலால் எழுவது என்பது அவர் எண்ணம். கடல்நீரைத் துணியில் வடித்தால் அது ஒளியிழக்கின்றது என்றும், ஆகவே ஒளிர்வன நுண்ணுயிர்களாதல் கூடும் என்றும் பொஸ்ரன் நகரத்து ஜேம்ஸ் பவ்டொயின் 1753இல் எழுதியபோது, பிராங்ளின் தம் கருத்தை விட்டுவிட்டார். அதற்கடுத்த ஆண்டே மலையாளக் கரையை அடுத்த கடலிற் சென்றுகொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் கொடயூ டி ரிவீல் ஒளிரும் நீரை வடித்துச் சிறு ஓட்டுயிர் ஒன்றைக் கண்டெடுத்தார். ஒரு துண்டுத் துணி செய்த வேலை அது. மன்னார்க் குடாவின் கரையிலோ, கடலைப் பச்சையாக்கி இரவில் ஒளிரச் செய்யும் நொக்ரிலூக்கா என்னும் நுண்ணுயிருக்கு வலைஞர் பூங்கோரை என்று பெயரே வைத்திருந்தனர். 2019இல் மண்டபம், பாம்பன் பகுதிகளில் அது பெருகி மீன்கள் இறந்து ஒதுங்கியபோது, செய்தித்தாள்களும் அப்பெயரையே வழங்கின. கடலொளிக்கு வாய்த்த வடிதுணி மட்டக்களப்பின் ஒலிக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

மீன்களால் ஒலிக்க முடியாது என்று தெனன்ற் கூறவில்லை. பம்பாய்த் துறைமுகத்தில் மீன்களோடு தொடர்புபடுத்தப்பட்ட நீரொலியை அவரே குறிப்பிடுகின்றார். மீன் ஓரிடத்தில் நில்லாது என்பதே அவர் வாதத்தின் அடிப்படை. அவ்வடிப்படை பிற்காலத்தில் தளர்ந்தது. கலிபோர்னியாவில் சோசலீட்டோ என்னும் ஊரில் மிதக்கும் வீடுகளில் வாழ்வோர் 1980களின் நடுப்பகுதியில் இரவு முழுவதும் எழுந்த முரல்வொலியால் உறக்கமிழந்தனர். இயந்திரம் என்றும் நீர்மூழ்கி என்றும் பலவாறு ஐயுற்றனர். இறுதியில் அது மிட்சிப்மன் என்னும் மீனின் ஒலியென்று தெளிவாயிற்று. அம்மீனின் ஆண், கோடையில் ஆழமற்ற நீருக்கு வந்து பாறைகளின் கீழ்க் கூடமைத்து, பெண்ணை அழைக்கும் பொருட்டுத் தன் காற்றுப்பையின் தசைகளை அதிர்த்து இரவில் இடைவிடாது முரலும். முட்டைகளைக் காத்து வாரக்கணக்கில் அவ்விடம்விட்டு நீங்காது. வள்ளம் விலகியபோது ஒலி நின்றதும் மீண்டபோது எழுந்ததும் இத்தகைய மீனுக்கும் பொருந்துவனவே. இதே மீன் தன் உடலில் வரிசை வரிசையாக ஒளியுறுப்புக்களையும் உடையது. கப்பலதிகாரியின் சட்டைப் பொத்தான்களை ஒத்தனவாதலினாலே அதற்கு அப்பெயர் வந்தது. அவ்வொளிக்கு வேண்டிய பொருளை அது தான் தின்னும் சிறு ஓட்டுயிர்களிலிருந்து பெறுகின்றது. ஒலியும் ஒளியும் ஓருடலிற் கூடிய உயிர் அது.

மிட்சிப்மன் சேர்ந்த குலத்தின் பிற மீன்கள் இந்துமாகடலிலும் இலங்கைக் கரைகளிலும் உள்ளன. அக்குலத்துட் சில வெற்றோடுகளின் கீழும் கூடமைக்கும் இயல்பின. அவ்வாறாயின் ஊரி குவிந்த இடத்திலிருந்து எழும் ஒலியை ஊரியின் ஒலியென்றே வலைஞர் கொண்டனரோ என்று கருத இடமுண்டு. ஆயினும் இதனையும் முடிபாகக் கூறுதல் தகாது. அம்மீன்களின் முரல்வு தாழ்ந்த சுரம். தெனன்ற் கேட்டதோ உயர்ந்ததும் தாழ்ந்ததும் விரவியது. ஒன்றுக்கு மேற்பட்ட உயிர்கள் ஒருங்கே ஒலித்திருத்தலும் கூடும்.

தெனன்ற்றுக்குப் பின் இவ்வொலியைத் தமிழுலகறியச் செய்தவர் விபுலாநந்த அடிகள். 1892இற் காரைதீவிற் பிறந்த அடிகள் முதலிற் கற்றுத் துறைபோயது விஞ்ஞானம். இரசாயனம் கற்பித்தவர், ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. தேர்விற் புறநிலை மாணவராகச் சித்தியெய்தியவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். துறவு பூண்டபின் வாவிக்கரையிலுள்ள கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1947இல் அரங்கேறிய யாழ்நூலின் முகப்பிலே, நிலவு பொழியும் இரவில் வாவியில் எழும் இன்னிசையை நீரரமகளிரின் இசையாக வைத்துப் பாடினார். யாழ் என்னும் இழந்த கருவியை மீட்க முயன்ற நூலுக்கு இதனினும் பொருத்தமான வாயில் இல்லை. இசையின் கணக்கை நுணுகி ஆராய்ந்த அவ்வறிஞர், வாவியில் ஒலிப்பது மீனோ ஊரியோ என்ற வழக்கைத் தீர்க்கப் புகவில்லை. புலவர்க்கு அது வேண்டுவதன்று என்பர் சிலர். விஞ்ஞானமும் கற்ற புலவர் ஒருவர் அவ்வழக்கில் தம் செவியைச் செலுத்தாமற் போனமை நமக்கு இழப்பே.

கருவி கொண்டு கேட்கும் முயற்சி 1950களில் நடந்தது. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பணியாற்றிய அமெரிக்க இயேசுசபைக் குருவான லாங் அடிகளார் நீரினுள் ஒலிவாங்கியை இறக்கி அவ்வொலியைப் பதிவு செய்தார். இலங்கை வானொலியில் அது ஒலிபரப்பாயிற்று. விபுலாநந்த அடிகளும் இளமையிற் பயின்ற கல்லூரி அது. ஒலி உண்டு என்பது இப்பதிவினால் உறுதிப்பட்டது. ஒலிப்பது யாது என்பதை உறுதிப்படுத்த, ஒலிக்கும் உயிரையே பிடித்துத் தொட்டியில் இட்டு, தனித்து ஒலிக்கக் கேட்டல் வேண்டும். 1848இல் வலைஞர் உயிருள்ள ஊரிகளைக் கொண்டுவந்து தந்தபோது தெனன்ற் செய்திருக்க வேண்டிய சோதனையும் அதுவே. கிராண்ட் தம் சாடியில் செய்த வேலையைப் பாராட்டி எழுதியவர், தம் மேசைமேலிருந்த ஊரிகளைச் சாடியில் இட்டுச் செவி கொடுத்ததாக எழுதவில்லை.

ஒலி கேட்கும் இடமும் காலப்போக்கில் மாறிற்று. தெனன்ற் கேட்டது கோட்டையை அடுத்த நீரில். தேசாதிபதி மனிங்கின் மனைவியார் பெயரால் 1924இற் கல்லடியில் இரும்புப் பாலம் அமைந்தபின், முழுமதி நாளில் மக்கள் அங்கேயே சென்று செவி சாய்த்தனர். பின்வந்த போர்க்காலத்தில் இரவில் வாவியில் வள்ளம் விடுதல் அரிதாயிற்று. சோதனைச் சாவடிகளின் நடுவே நிலவொளியில் நீரொலி கேட்கச் செல்வார் யார்? ஒரு தலைமுறை அவ்வொலியைக் கேளாமலே வளர்ந்தது. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடிக் கரையை அழித்தது. போர் முடிந்தபின் பழைய பாலத்தின் அருகே புதிய அகன்ற பாலம் எழுந்து 2013இற் றிறக்கப்பட்டது. வண்டிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. வள்ளங்களிற் பல இயந்திரம் பூட்டியவை. பாலத்தின் தூண்கள் வழியே இறங்கும் அதிர்வு நீரிலும் பரவுமாதலின், தெனன்ற் விரித்துரைத்த அமைதி அவ்விடத்தில் இனிக் கிடைப்பது அரிது.

அமைதி வேண்டுவோர் பாலத்தை விட்டு நெடுந்தூரம் துடுப்பாலே வலித்துச் செல்லல் வேண்டும். மாரி வெள்ளம் வடிந்து, முகத்துவாரம் அடைபட்டு, நீர் மீண்டும் உவர்ப்பேறிய சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடைப்பட்ட மாதங்களே அதற்குரியவை என்று வலைஞர் இன்றும் கூறுவர்.